எந்த அக்கரை?

ஸ்ரீரங்கம்
17 மார்ச் 2025

அன்புள்ள வளவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகம். மாமாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது. மலைக்கோட்டை ஜவுளிக்கடைக்கு மறுபடியும் பஸ்ஸிலேயே போய் வருகிறார். நீயும் லிசியும் கனிஷ்காவும் எப்படி இருக்கிறீர்கள்? நாக்பூரில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். குழந்தைக்கு மோர் கொடுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். ஞாயிற்றுக்கிழமை பேசியதை நினைத்துப் பார். "உங்க லினக்ஸாலதான்டா கெட்டுது" என்று நான் சொல்ல, "முதல்ல உன் கெழட்டு யானைக்கு அங்குசம் போடு" என்று என் மெயின்ஃபிரேம் கணினியை நீ சொல்ல, லிசி போனைப் பிடுங்கி வைத்தாள். எழுதினால் ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் குறுக்கே பேச முடியாது. நம் இருவருக்கும் அதுதான் நல்லது.

சோதனை நடந்த இரண்டு நாளும் நான் திருவெறும்பூர் மெஷின் அறையில்தான் இருந்தேன். கேட்கிறவர்களுக்கு எளிதாகத்தான் இருக்கும். இங்கே டிஸ்க்கில் எழுதப்படுவதெல்லாம் உன் அறையில் உள்ள டிஸ்க்கில் நகலாகிறது. இங்கே வெள்ளமோ தீயோ வந்துவிட்டதாக வைத்து, ஏதோ ஒரு கணத்தில் எல்லா நகலையும் ஒன்றாக நிறுத்தி, அதை மட்டும் வைத்துக்கொண்டு நாக்பூர் தனியாகக் கம்பெனியை நடத்திக் காட்ட வேண்டும். நடத்திக் காட்டியது என்ன? முசிறி வீரமலை என்ற பாலிசிதாரர் மெயின்ஃபிரேம் நகலில் உயிரோடு இருக்கிறார். பிரீமியம் கட்டச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் தயாராகிறது. லினக்ஸ் நகலில் அவர் இறந்துவிட்டார். அவர் மனைவி இருளாயிக்கு இழப்பீடு அனுமதியாகியிருக்கிறது.

எங்கள் அறைப் பொறுப்பாளர் பெனடிக்ட் சார் திரையைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்கு மாலை வாங்குறதா, நோட்டீஸ் அனுப்புறதா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். இப்படி இன்னும் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

நீ மனதை விட்டுவிடாதே. லிசிக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

அக்கா
விஜயராணி


நாக்பூர்
29 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. கனிஷ்கா தபால்காரரை முதல் முறையாகப் பார்த்தாள். "இவர் அமேசானா?" என்று கேட்டாள். நாங்கள் மூவரும் நலம். நால்வர் என்றும் சொல்லலாம். நவம்பரில் லிசிக்குப் பிரசவம் இருக்கும் என்கிறார் டாக்டர். மாமாவிடம் நீயே சொல்லிவிடு.

தலைமையகத்தின் கடிதமும் இதே வாரம் வந்தது. செப்டம்பரில் இன்னொரு சோதனை. அதிலும் தவறினால் நாக்பூர் அறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். அறை போனால் நாங்கள் எல்லாரும் போகிறோம்.

சென்னை வேலை போனபிறகு உன் வீட்டு மாடியில் நாங்கள் கிடந்த மாதங்களை நான் மறக்கவில்லை. நீ ஒரு நாளும் "என்னடா ஆச்சு?" என்று கேட்டதில்லை. காலையில் ஆபீஸ் போகும்போது "வளவா, வரும்போது காய் வாங்கிட்டு வந்துடு" என்று ஏதாவது ஒரு வேலை வைத்துவிட்டுப் போவாய். அந்த ஒரு வேலைக்காகத்தான் பல நாள் நான் சட்டை மாற்றினேன். இதைப் போனில் சொன்னால் நீ கேலி செய்வாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் கடிகாரத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். உன் யானை ஒவ்வொரு பதிவின்மேலும் நேரத்தைக் குத்தி அனுப்புகிறது. எங்கள் லினக்ஸும், கிளை அலுவலக விண்டோஸும் அப்படிக் குத்துவதில்லை. நேரம் போடாத பதிவை நேரம் போட்டதோடு எப்படி வரிசைப்படுத்துவது? குற்றம் எங்கள் பக்கம்தான் என்று எங்கள் மேலாளர் போர்க்கர் முடிவு கட்டிவிட்டார். நானும் ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

உன் தம்பி
வளவன்


ஸ்ரீரங்கம்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நல்ல செய்தி எழுதினாய். உன் மாமா அன்றைக்கே கடையில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்துவிட்டு, "எம் மச்சான் வீட்டுல விசேஷம்" என்று சொல்லியிருக்கிறார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் "அது ரகசியம்" என்றாராம். லிசி மாடிப்படி ஏறுவதைக் குறைக்கட்டும்.

கடிகாரம் பற்றி நீ எழுதியதை யோசித்தேன். எனக்கு முழுதும் ஒப்பவில்லை. நேரம் போடாதவர்களுக்காகத்தானே எல்லாரையும் ஒரே கணத்தில் நிறுத்துகிறோம்? எல்லாரும் ஒன்றாக நின்றுவிட்டால் யார் நேரம் போட்டார்கள், யார் போடவில்லை என்பது எதற்கு? அப்படியானால் எல்லாரும் ஒன்றாக நிற்கவில்லை. ஏன் என்றுதான் தெரியவில்லை.

பெனடிக்ட் சார் போன வாரம் எங்கள் குழுவை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். திருவெறும்பூர் கட்டடத்தின் குத்தகை டிசம்பரில் முடிகிறதாம். தஸ்லிமாவை உனக்கு நினைவிருக்கும், என் பக்கத்து மேசை. அவள் ஒரு கேள்வி கேட்டாள். அவர் டீ ஆறிவிட்டது என்று எழுந்து போனார்.

ஆவக்காய் போட்டிருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா


நாக்பூர்
12 மே 2025

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். ஊறுகாய்க்காகக் காத்திருக்கிறோம். லிசி தினமும் கேட்கிறாள்.

சின்ன அளவில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். பழைய கதைதான். இந்த முறை ஒரே பாலிசிக்கு இரண்டு வாரிசுதாரர்கள். கடிகாரத்தைச் சரிசெய்ய வந்த வெளியூர் ஆள், "நீங்கள் எல்லாரும் ஒரே சிஸ்டத்துக்கு மாறிவிடுங்கள்" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். தலைவலி என்று போனவனிடம் தலையை எடுத்துவிடலாம் என்றானாம்.

கனிஷ்காவுக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. சீருடை தைக்கக் கொடுத்த கடையில் லிசி ஒரு அளவு பெரிதாகவே தைக்கச் சொன்னாள். அடுத்த ஆண்டும் இங்கேயே இருப்போம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

தஸ்லிமா என்ன கேட்டாள்?

வளவன்


ஸ்ரீரங்கம்
9 ஜூன் 2025

அன்புள்ள வளவனுக்கு,

இங்கு நலம். ஊறுகாய் பாட்டிலை உன் மாமாவின் கடைக்கு வரும் நாக்பூர் வியாபாரியிடம் கொடுத்திருக்கிறேன். வந்ததும் எழுது.

இன்று ஒரு வேடிக்கை. ஆபீஸுக்குப் போக ஸ்ரீரங்கத்தில், திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் ஏறினேன். என் பக்கத்தில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாள். மணப்பாறைப் பக்கத்துக் கிராமமாம். கையில் வேப்பிலை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் கண்டக்டரிடம், "தம்பி, ஆத்தா கோயில் வந்தா சொல்லுப்பா" என்றார்.

"எந்த ஆத்தா?"

"சமயபுரத்தா."

"சமயபுரமா? அது அந்தப் பக்கம்மா! கொள்ளிடம் தாண்டிப் போவணும். இது சத்திரம் போற வண்டி."

"பெருமாள் கோயில் வாசல்ல ஒருத்தர்கிட்ட கேட்டேன். பாலம் தாண்டி அக்கரைக்குப் போங்கன்னாரு. அதான் பாலத்துல போற வண்டியில ஏறினேன்."

கண்டக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அம்மா, ஸ்ரீரங்கம் தீவும்மா. தெக்கால போனாலும் பாலம், வடக்கால போனாலும் பாலம். தீவுல நின்னுக்கிட்டு அக்கரைன்னா எந்த அக்கரைங்க?"

"அக்கரைன்னா அக்கரைதான். இதுகூடத் தெரியாம நீ என்ன கண்டக்டரு?"

பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டில் ஒருவர், "அவங்க சொல்றது சரிதான்யா, நீ நிக்கிற எடம்தான் தப்பு" என்றார். கண்டக்டரும் சிரித்துவிட்டார். காசு வாங்காமல் பாலம் முடியும் இடத்தில் இறக்கி, எதிர்ப்பக்கம் போய் ஏறச் சொன்னார். அந்த அம்மாள் இறங்கும்போது என்னிடம் கொஞ்சம் வேப்பிலை கொடுத்துவிட்டுப் போனார்.

நானும் சிரித்தேன். சத்திரம் வந்தது. இறங்கி அடுத்த பஸ் பிடிக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


நாக்பூர்
20 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

ஊறுகாய் வந்துவிட்டது. பாதி தீர்ந்தும்விட்டது.

உன் பஸ் கதையை லிசிக்குப் படித்துக் காட்டினேன். "நீ நிக்கிற எடம்தான் தப்பு" என்பதை இப்போது வீட்டில் எல்லாவற்றுக்கும் சொல்கிறாள். எனக்கு அந்தக் கண்டக்டரைப் பிடித்திருக்கிறது.

இங்கே போர்க்கர் என்னைக் கூப்பிட்டு, செப்டம்பருக்குப் பிறகு என் திட்டம் என்ன என்று கேட்டார். நல்ல மனிதர். கண்ணைப் பார்க்காமல் கேட்டார். நீ சொன்ன மாதிரி, எல்லாரும் ஒன்றாக நிற்கவில்லை என்பதுதான் விஷயம் என்று எனக்கும் படுகிறது. ஆனால் எங்கள் டிஸ்க்குகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் சரி. உங்கள் பட்டியலை வாங்கிப் பார்த்தேன், அதுவும் சரி. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது அக்கா.

வளவன்


நாக்பூர்
14 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மாமாவுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கா, ஆனா சாப்பிட உட்கார்ந்தா தட்டையே பார்த்துக்கிட்டு இருக்கா" என்றார். காவிரியில் தண்ணீர் நிறைய வருகிறது என்று செய்தியில் பார்த்தேன். பாலத்தில் பத்திரமாகப் போய் வா.

நான் வேறு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்ப ஆரம்பித்துவிட்டேன். லிசியிடம் சொல்லவில்லை.

பதில் எழுத முடியாவிட்டால் பரவாயில்லை. நலம் என்று ஒரு வரி போதும்.

வளவன்


ஸ்ரீரங்கம்
28 ஜூலை 2025

அன்புள்ள வளவனுக்கு,

நான் நலம். இது ஸ்பீட் போஸ்டில் வருகிறது. முழுவதும் படித்துவிட்டு எழுந்திரு.

உன் லினக்ஸ் மேல் தப்பில்லை. கடிகாரத்தின் மேலும் இல்லை. தப்பு ஒரு வார்த்தையில் இருக்கிறது.

ஆரம்பத்தில் நமக்கு இரண்டு அறைகள் இருந்தன. ஒன்று திருவெறும்பூரில், காவிரிக்குத் தெற்கே. இன்னொன்று சமயபுரத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையில், கொள்ளிடத்துக்கு வடக்கே. மெயின்ஃபிரேம்காரர்கள் நாங்கள் திருவெறும்பூரில் இருந்தோம். மூலமும் நகலுமான ஒவ்வொரு டிஸ்க் ஜோடிக்கும் பெயர் வைக்கும்போது எங்கள் பக்கத்து முனையை இக்கரை என்றும் மறு முனையை அக்கரை என்றும் வைத்தோம். யாரும் கூடிப்பேசி வைத்த பெயரல்ல. ஊரில் பேசுகிற பேச்சு அப்படியே கணினிக்குள் போய்விட்டது.

லினக்ஸும் விண்டோஸும் பார்க்கிறவர்கள் சமயபுரத்தில் இருந்தார்கள். அவர்களும் அதே இரண்டு பெயரைத்தான் வைத்தார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் திருவெறும்பூர்தான் அக்கரை.

நீ சேர்வதற்கு முன்பே சமயபுரம் அறையை மூடி, அவர்களுடைய மெஷின்களைத் திருவெறும்பூருக்குக் கொண்டுவந்து, நகல் முழுவதையும் நாக்பூருக்கு மாற்றினார்கள். சமயபுரம் முனை இருந்த இடத்தில் நாக்பூர் வந்தது, பெயர்கள் மாறவில்லை. அதனால் இன்று எங்கள் பட்டியலில் அக்கரை என்றால் நாக்பூர். உங்கள் பட்டியலில் அக்கரை என்றால் திருவெறும்பூர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பட்டியலும் சரிதான். நீயும் பார்த்தாய், சரி என்றாய்.

சோதனையில் ஒரே கட்டளைதான் போகிறது: அக்கரையை நிறுத்து. மெயின்ஃபிரேமில் நாக்பூர் முனை நின்றது. லினக்ஸிலும் விண்டோஸிலும் திருவெறும்பூர் முனை நின்றது. ஆனால் ஏற்கெனவே புறப்பட்டு வழியில் இருந்த பதிவுகள் நாக்பூரில் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. வீரமலை இறந்த செய்தி அந்த வழியில்தான் இருந்தது. உங்கள் பக்கம் வந்து சேர்ந்தது, எங்கள் பக்கம் வாசலிலேயே நின்றுவிட்டது.

உங்கள் பட்டியலில் இரண்டு பெயரையும் எடுத்துவிட்டு ஊர்ப் பெயரைப் போடு. எங்கள் பட்டியலில் நான் போட்டுவிட்டேன். பிறகு சின்னதாக ஒரு சோதனை செய்து பார்.

லிசியிடம் விண்ணப்ப விஷயத்தைச் சொல்லிவிடு. அவளுக்குத் தெரியாது என்று நீதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அக்கா


நாக்பூர்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

வேலை செய்கிறது! மூன்று முறை நிறுத்திப் பார்த்தோம். மூன்று முறையும் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் இறந்தே இருந்தார்கள். போர்க்கருக்கு அக்கரை, இக்கரை என்பதை விளக்க ஒரு வெள்ளைப் பலகை முழுவதும் இரண்டு ஆறு வரைய வேண்டியிருந்தது. கடைசியில் அவர் தீவின்மேல் விரல் வைத்து, "இங்கே நிற்பவருக்கு மட்டும்தான் இது புரியும்" என்றார். லிசி உனக்காக சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினாள். உன் யானைக்கும் சேர்த்து.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று

மேலே எழுதியது நேற்று. இந்த வரியில் இருந்தபோது தஸ்லிமா போன் செய்தாள். வாழ்த்துச் சொல்லத்தான். நான் நன்றி சொன்னேன். "அப்ப டிசம்பருக்கு அப்புறம் நாங்கல்லாம் உங்க ஊருக்கே வந்துட வேண்டியதுதான்" என்று சிரித்தாள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவள் சிரிப்பதை விட்டாள். பிறகு சொன்னாள். நாக்பூர் தனியாக நடத்திக் காட்டிவிட்டால் நாக்பூர்தான் முக்கிய அறை. திருவெறும்பூர் குத்தகையைப் புதுப்பிக்கமாட்டார்கள். ஏப்ரலிலேயே பெனடிக்ட் சார் உங்களிடம் இதைச் சொல்லிவிட்டார். அப்படியானால் எங்கள் வேலை என்ன ஆகும் என்பதுதான் அன்று அவள் கேட்ட கேள்வியாம்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன் அக்கா.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஒரே ஒரு டிஸ்க்கில் பழைய பெயரை விட்டுவைத்தால் போதும். யாருக்கும் தெரியாது. எனக்கு எப்படியும் வேறு வேலை கிடைத்துவிடும்.

வளவன்


ஸ்ரீரங்கம்
18 ஆகஸ்ட் 2025

வளவனுக்கு,

நலம். நேற்றுப் போனில் நான் கத்தியதற்காக லிசியிடம் மன்னிப்புக் கேள். அவளுக்குக் காதில் விழுந்திருக்கும். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

சொன்னதையே எழுத்திலும் வைக்கிறேன். உன் அக்காவுக்காக ஒரு மனுஷன் செத்தும் பொழைச்சும் கிடக்கக் கூடாது. இருளாயி என்று ஒரு பெண் முசிறியில் உண்மையாகவே இருக்கிறாள். ஒரு நாள் இங்கே வெள்ளமோ தீயோ வந்தால், அவள் கையில் இருக்கப்போவது உன் நகல் ஒன்றுதான். அதில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை வைத்தவன் என் வீட்டு மாடியில் படுத்திருந்தவனாக இருக்க வேண்டாம்.

எனக்கு வேலை போனால் மாமாவுக்குக் கடை இருக்கிறது. நாங்கள் இரண்டே பேர். உன் வீட்டில் நவம்பரில் நான்கு பேர்.

செப்டம்பரில் நம் இரண்டு அறையும் ஒன்றாக நிற்க வேண்டும். இங்கே கட்டளை கொடுப்பது நான்தான்.

அக்கா


நாக்பூர்
24 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். லிசிக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. கனிஷ்கா பெரிய அளவுச் சீருடையில் வளர்ந்துகொண்டிருக்கிறாள்.

முடிவு உனக்குத் தெரியும். நீ "நிறுத்துகிறேன்" என்று சொன்ன கணத்தில் இங்கே எல்லாம் நின்றது. இரண்டு நாள் முழுவதும் கம்பெனி இங்கிருந்துதான் நடந்தது. மூன்று வகை சிஸ்டமும் ஒரே கதையைச் சொன்னன. நான் ஒரு டிஸ்க்கையும் தொடவில்லை. வாக்குக் கொடுத்தபடி.

அறிக்கையில் தவறைக் கண்டுபிடித்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. உன் பெயரைப் போட்டேன். போர்க்கர் படித்துவிட்டு, "மூடப்போகிற அறையில் இருப்பவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மூடப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு தலைமையகத்துக்கு எழுதினார். மெயின்ஃபிரேம் டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இல்லை. உன்னையும் தஸ்லிமாவையும் ஸ்ரீரங்கத்திலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆறு மாத ஒப்பந்தம். பெரிய பதவி இல்லை, அதற்கு மேல் உறுதியும் இல்லை. வேண்டாம் என்றாலும் எனக்குப் புரியும்.

நீ எனக்கு என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் அக்கா.

வளவன்


ஸ்ரீரங்கம்
16 அக்டோபர் 2025

அன்புள்ள வளவனுக்கு,

இங்கு இருவரும் நலம். தீபாவளிக்கு மாமாவின் கடையில் நிற்க இடமில்லை. கனிஷ்காவுக்குப் பாவாடைத் துணி அனுப்பியிருக்கிறார். பிறக்கப்போகும் குழந்தைக்கும் ஒன்று அனுப்புவேன் என்று அடம்பிடித்தவரைத் தடுத்து வைத்திருக்கிறேன். பிரசவத்துக்கு நான் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தஸ்லிமாவும் போட்டுவிட்டாள். பெனடிக்ட் சார் போடவில்லை. அவர் மகளோடு கோவைக்குப் போகிறார். அறையை மூடும்போது கடைசியாக ஏசியை அணைப்பேன் என்கிறார். முதல் நாள் அதைப் போட்டவர் அவர்தானாம். போர்க்கர் அவர்களுக்கு என் நன்றியைச் சொல். அவர் முகம் பார்க்காத ஒருத்திக்காக எழுதியிருக்கிறார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போர்க்கர் கேட்டதற்கு, தெரியும் என்று நீ சொன்ன பதில் சரிதான். எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த வார்த்தை பிடிபட்டது எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. உனக்குத் தோன்றியிருக்கும். பஸ் கதையும் அதற்கு அடுத்த என் கடிதமும் தேதியோடு உன் கையில்தான் இருக்கின்றன, இடையில் ஏழு வாரம். இரண்டையும் நீ மறுபடி படித்ததாக எழுதியிருந்தாய்.

நீயும் கேட்கவில்லை. அதற்கு நன்றி, தம்பி.

லிசியை இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல். உங்கள் எல்லாருக்கும் எங்கள் அன்பு.

அக்கா
விஜயராணி